லாட் எண் பில்லில் இருந்தால் போதுமா?

"பேர்ல எதுக்குங்ண்ணா இத்தனை நெம்பர்? வெர்ஷனுக்குன்னு தனியா எடம் இருக்குதல்லங்க?"

பெருமாநல்லூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கர்னல் பொதிகளின் பெயரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பயர்பாக்ஸின் வெர்ஷன் எத்தனை முறை மாறினாலும் அதன் பொதிக்குப் பெயர் பயர்பாக்ஸ்தான். கர்னலுக்கு மட்டும் ஏன் 'லினக்ஸ்-இமேஜ்-6.1.0-18-ஏஎம்டி64' என்று வால் நீண்ட பெயர்? எண்ணை எடுத்துவிட்டு 'லினக்ஸ்-இமேஜ்' என்று மட்டும் வைத்தால், புதியது வரும்போது பழையது தானே போய்விடும். பூட் மெனு சுத்தமாக இருக்கும். டிஸ்க்கில் இடம் மிஞ்சும். சொந்தமாகக் கர்னல் கட்டுகிறவர்களும் ஒவ்வொரு முறையும் பெயர் யோசிக்க வேண்டியதில்லை.

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. நானும் இதை நம்பிச் சில ஆண்டுகள் வேலை செய்தவன்தான். இன்று இது முழுத் தவறு என்று சொல்கிறேன். எப்படி வைத்தாலும் சரி என்று விட்டுவிடக்கூடிய ரசனை விஷயம் இல்லை இது. சர்வரைப் படுக்கவைக்கிற தவறு.

முதலில் பெயரும் வெர்ஷனும் என்ன வேலை செய்கின்றன என்று பார்ப்போம். டெபியனிலும் உபுண்டுவிலும் பொதிகளை நிறுவுவதும் நீக்குவதும் டிபிகேஜி. பெயர் வேறு வேறு என்றால் இரண்டு பொதிகளையும் அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். பெயர் ஒன்றாக இருந்து வெர்ஷன் மட்டும் மாறினால், புதியதை வைத்துப் பழையதை எடுத்துவிடும். ஒரு கட்டமைப்பில் ஒரு பெயருக்கு ஒரு வெர்ஷன்தான் என்பது அதன் அடிப்படை விதி. ஆகவே பொதிக்குப் பெயர் வைக்கிறவர், எது எதனோடு சேர்ந்து இருக்கலாம், எது எதை வெளியேற்ற வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார்.

பயர்பாக்ஸின் பழைய பதிப்பைப் புதியது வெளியேற்றினால் நட்டமில்லை. மூடித் திறந்தால் புதியது வந்துவிடும். கர்னலின் கதை வேறு. புதிய கர்னலை நிறுவுகிற நேரத்தில் பழைய கர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முழுவதுமாக நினைவகத்துக்குள் வந்துவிடுவதும் இல்லை. பிரிண்டருக்கு ஒன்று, நெட்வொர்க் கார்டுக்கு ஒன்று, எடை மெஷினின் யுஎஸ்பி கேபிளுக்கு ஒன்று எனப் பல மாட்யூல்கள் டிஸ்க்கிலேயே காத்திருக்கும். கர்னல் தேவைப்படும்போது அவற்றைக் கூப்பிட்டுக்கொள்ளும். அவை இருக்கிற இடம் '/லிப்/மாட்யூல்ஸ்' அடைவு. அதற்குள் ஒவ்வொரு கர்னலுக்கும் ஒரு தனி அடைவு. 'யூநேம் -ஆர்' என்று கேட்டால் ஓடுகிற கர்னல் எந்தப் பெயரைச் சொல்கிறதோ, அதுதான் அந்த அடைவின் பெயர். '/பூட்' அடைவில் இருக்கும் கர்னல் கோப்பின் வாலிலும், அதன் துணைக்கோப்பான இனிட்ஆர்டியின் வாலிலும் இருப்பது அதே பெயர். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் அடைவைக் காலிசெய்து, அதே பெயரில் வேறு கர்னலுக்கான மாட்யூல்களை வைத்தால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் இருக்கிற ஆபத்து.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் ஆட்களுக்குப் பாடம் எடுக்கவே வேண்டியதில்லை. நிட்டிங் ஓட்டுகிற எவரிடமும் லாட் மிக்ஸிங் என்று சொல்லிப்பாருங்கள், முகம் மாறும். ஒரே மில், ஒரே கவுண்ட், ஆனால் லாட் வேறு. பஞ்சுக் கலவை கொஞ்சம் மாறியிருக்கும். இரண்டு லாட் கோன்களும் ஒரே மெஷினில் ஏறிவிட்டால் துணி இறங்கும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் துணியின் குறுக்கே வரி வரியாகப் பட்டை விழுந்திருப்பது கண்ணில் படும். அதற்குள் நிட்டிங் கூலியும் சாயக் கூலியும் செலவாகி முடிந்திருக்கும்.

அதனால்தான் மில்காரர்கள் பேப்பர் கோனின் முனைக்கே தனி நிறம் கொடுக்கிறார்கள். லாட் எண் பில்லிலும் இருக்கிறது, மூட்டையின் மேலும் இருக்கிறது. ஆனால் மூட்டையைப் பிரித்த பிறகு பில் ஆபீஸ் ஃபைலுக்குப் போய்விடும், சாக்கு மூலைக்குப் போய்விடும். மெஷின்மேல் ஏறுவது கோன் மட்டும்தான். மெஷின் ஓட்டுகிறவர் ஆபீஸுக்குப் போய்ப் பில்லைப் புரட்டிவிட்டு வந்து கோனை மாட்ட மாட்டார். பொருளோடு கூடவே போகிற அடையாளம்தான் அவருக்கு உதவும்.

பொதியின் வெர்ஷன் என்பது பில்லில் இருக்கும் லாட் எண். அது டிபிகேஜியின் பதிவேட்டில் பத்திரமாக இருக்கும். ஓடுகிற கர்னல் அந்தப் பதிவேட்டை ஒருநாளும் திறந்து பார்ப்பதில்லை. அடைவின் பெயரைப் பார்த்து உள்ளே போய் மாட்யூலை எடுக்கும். பெயர்தான் கோன் முனையின் நிறம்.

இந்தப் பாடத்தை நான் படித்தது ஒரு ஷிப்மென்ட் நாளில். ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பார்கோடு லேபிள் அடிப்பதும் அட்டைப்பெட்டி எடை பதிவதும் ஒரே சர்வரில் நடந்தன. அந்தச் சர்வருக்கு 4.19 வரிசையில் நானே ஒரு கர்னல் கட்டிக் கொடுத்திருந்தேன். பிறகு அமைப்பில் சிலவற்றை மாற்றி, அதே மூலத்திலிருந்து இன்னொரு முறை கட்டினேன். பெயரில் எதையும் சேர்க்கவில்லை. பொதியின் வெர்ஷனை மட்டும் 1-லிருந்து 2 ஆக்கினேன். டிபிகேஜி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. அதைப் பொறுத்தவரை அது சாதாரண அப்கிரேட். மத்தியானம் நிறுவிவிட்டு, வேலை நடந்துகொண்டிருந்ததால் ரீபூட் செய்யாமல் விட்டுவிட்டேன்.

இரவு எடை மெஷினின் கேபிள் பழுதாகி வேறு கேபிள் மாற்றினார்கள். புதிய கேபிளில் வேறு சிப். அதற்கான மாட்யூல் அதுவரை ஏறியிருக்கவில்லை. இப்போது பழைய கர்னல் தன் பெயருள்ள அடைவுக்குள் போய் மாட்யூலை எடுத்தது. அங்கே இருந்தது புதிய கர்னலின் மாட்யூல். உள்ளே இருக்கும் குறியீடுகளின் வெர்ஷன் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி ஏற்ற மறுத்துவிட்டது. ரீபூட் செய்தால் சரியாகிவிடும் என்று ரீபூட் செய்தேன். இரண்டாவது முறை கட்டியபோது ரெய்டு கார்டின் டிரைவரை விட்டிருந்தேன் போலிருக்கிறது. டிஸ்க்கைக் காணோம் என்று கர்னல் பாதியில் நின்றது. சரி, பழைய கர்னலில் ஏற்றலாம் என்று கிரப் மெனுவைத் திறந்தேன். அங்கே இருந்த எல்லா வரியும் அதே கர்னலுக்குத்தான் போயின. பழையதை நானே அதே பெயரில் எழுதி அழித்திருந்தேன்.

தூத்துக்குடிக்குப் போக வேண்டிய லாரி வாசலில் நின்றது. பேக்கிங் ஆட்கள் நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பென்டிரைவில் பூட் செய்து, வேறு கம்ப்யூட்டரில் இருந்த பழைய பொதியைத் தேடி எடுத்து நிறுவி முடிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. டிரைவரை விட்டது என் பிழைதான். பிழை யாருக்கும் வரும். வந்த பிறகு திரும்பிப் போக வழி இருக்கிறதா என்பதைத்தான் பெயர் முடிவு செய்கிறது. அன்று கர்னலின் பெயரில் '-பேக்கிங்2' என்று ஒரு வால் சேர்த்திருந்தால் எடை மெஷினும் ஓடியிருக்கும், மெனுவில் பழைய கர்னலும் இருந்திருக்கும்.

இனி எதிர்த்தரப்பின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

'கோப்புகள் மோதினால் டிபிகேஜியே தடுத்துவிடுமே' என்பது முதல் வாதம். தடுக்கும், வேறு வேறு பெயருள்ள இரண்டு பொதிகள் ஒரே கோப்பைக் கொண்டுவந்தால். அந்தக் கோப்பு ஏற்கெனவே இன்ன பொதியில் இருக்கிறது, மேலே எழுத மாட்டேன் என்று நின்றுவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் அது மோதலாகவே கணக்கில் வராது. பிழைச் செய்தி வராததால் எல்லாம் பத்திரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அத்தோடு, எந்தப் பொதிக்கும் சொந்தம் என்று பதிவாகாத கோப்புகளும் இருக்கின்றன. இனிட்ஆர்டி நிறுவும் இடத்திலேயே உருவாகிறது. மாட்யூல்கள் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன என்ற பட்டியலும் அப்படித்தான். மூலத்திலிருந்து நேரடியாகக் கையால் நிறுவிய மாட்யூல்களும் பதிவேட்டில் இருக்காது. இவற்றில் எது எதை அழித்தாலும் டிபிகேஜிக்குத் தெரியாது. இவற்றுக்கு இருக்கிற ஒரே காவல் பெயர்.

தடுத்தால் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 'ஃபோர்ஸ்-ஓவர்ரைட்' கொடுத்துவிடுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். கொடுத்தால் கோப்பின் உரிமை இரண்டாவது பொதிக்கு மாறிவிடும். பிறகு ஒருநாள் இரண்டாவது பொதியை நீக்கினால் கோப்பும் அதோடு போய்விடும். முதல் பொதி நிறுவப்பட்டிருக்கிறது என்று பதிவேடு சொல்லிக்கொண்டிருக்கும், உள்ளே கோப்பு இருக்காது. கணக்கில் இருந்து குடோனில் இல்லாத சரக்கு அது.

'/பூட் நிரம்பிவிடுகிறது' என்பது இரண்டாவது வாதம். இந்தக் குறை உண்மையானது. அந்தப் பகுதியைச் சிறிதாக ஒதுக்கி நிறுவிய பல சர்வர்களில் பழைய கர்னல்கள் சேர்ந்து அப்டேட்டே நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து பழையதை முறையாக எடுப்பது. 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' ஓடுகிற கர்னலையும் புதிய கர்னலையும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுக்கும். ஃபெடோராவில் மூன்று கர்னல் வரை வைத்திருப்பது இயல்பான அமைப்பு. ஓப்பன்சூசேயில் கடைசியானது, அதற்கு முந்தியது, ஓடிக்கொண்டிருப்பது ஆகியவற்றை வைத்துக்கொள் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எதை வைப்பது, எதை எடுப்பது என்று இவற்றால் முடிவு செய்ய முடிவதே ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் இருப்பதால்தான். குடோனில் இடம் இல்லை என்பதற்காக யாரும் லாட் சீட்டைக் கிழித்துப்போட மாட்டார்கள்.

'ஃபெடோராவில் பொதியின் பெயர் வெறும் கர்னல்தானே' என்பது மூன்றாவது வாதம். விவரம் தெரிந்தவர்கள் சொல்வதும் இதுதான். ஃபெடோராவின் ஆர்பிஎம், கோப்புப் பாதைகள் மோதாதவரை ஒரே பெயரில் பல வெர்ஷன்கள் சேர்ந்து இருக்க விடும். கர்னலை அப்கிரேட் செய்யாதே, பக்கத்தில் புதிதாக நிறுவு என்று ஒரு தனிப் பட்டியலும் உண்டு. மறுமுறை கட்டினால் ஏறுகிற எண்கூட 'யூநேம் -ஆர்' சொல்லும் பெயரில் சேர்கிறது, ஆகவே அடைவின் பெயரும் மாறுகிறது. எண் எங்கும் போய்விடவில்லை. பொதியின் பெயரில் இல்லாமல் பாதையில் இருக்கிறது. டிபிகேஜியில் ஒரே பெயரில் இரண்டு வெர்ஷன் இருக்க வழியே கிடையாது. அதனால் டெபியனில் அதே எண் பெயரிலும் இருந்தாக வேண்டும்.

ஆர்ச் லினக்ஸையும் காட்டுவார்கள். அங்கே பொதியின் பெயர் வெறும் 'லினக்ஸ்', கோப்பின் பெயரிலும் எண் இல்லை. உண்மைதான். அப்டேட் செய்து ரீபூட் செய்யாமல் விட்டுப் பிறகு பென்டிரைவைச் செருகினால் எடுக்காமல் போவதும் ஆர்ச் ஆட்களுக்குப் பழகிப்போனதுதான். ஓடுகிற கர்னலின் மாட்யூல்களை அப்டேட் எடுத்துக்கொண்டு போயிருக்கும். ஒருவர் தன் லேப்டாப்பில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்களிலும் கவனமானவர்கள் 'லினக்ஸ்-எல்டிஎஸ்' பொதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அது வேறு பெயர், வேறு கோப்பு, வேறு அடைவு. பாதுகாப்பு வேண்டும் என்றதும் அவர்களும் பெயரைத்தான் தேடிப் போகிறார்கள்.

ராஸ்பெரி பை இன்னும் தெளிவான சாட்சி. அதன் இயங்குதளத்தில் நெடுநாள் எண் இல்லாத ஒரே கர்னல் பொதிதான் இருந்தது. புதியது வந்தால் பழையதன்மேல் எழுதும். 2023 அக்டோபரில் புக்வோர்ம் பதிப்பு வந்தபோது, வெர்ஷன் எண்ணைப் பெயரில் தாங்கிய டெபியன் பாணிப் பொதிகளுக்கு மாறிவிட்டார்கள். கையளவு போர்டுக்குக்கூட ஒற்றைப் பெயர் போதவில்லை.

'பெயர் மாறிக்கொண்டே இருந்தால் பாதுகாப்பு அப்டேட் எப்படித் தானாக வரும்' என்பது நான்காவது வாதம். இதற்காகவே 'லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64' என்று ஒரு மெட்டா பொதி இருக்கிறது. அதன் பெயர் மாறாது. உள்ளே கர்னலும் கிடையாது. இப்போதைக்கு எந்தக் கர்னல் வேண்டும் என்று சுட்டிக்காட்டுவது மட்டுமே அதன் வேலை. அதன் வெர்ஷன் ஏறும்போது அது சுட்டுகிற கர்னல் புதிய பெயரில் பக்கத்தில் வந்து உட்காரும். மாறாத பெயர் வேண்டும் என்பவர்களுக்கு மாறாத பெயரும் கிடைக்கிறது, தனித்தனி அடையாளமும் காக்கப்படுகிறது. எண்ணை எடுத்துவிடச் சொல்கிறவர்களில் பலர் இந்த மெட்டா பொதியை நீக்கிவிட்டு, அப்டேட் வரவில்லை என்று நீளமான பெயரைக் குறை சொல்கிறவர்கள்.

'மெனுவில் நாலைந்து வரி இருந்தால் ஆட்கள் குழம்புகிறார்கள்' என்றும் சொல்வார்கள். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்த கணினிகள் மாணவர்கள் கைக்கு வந்தன. பாஸ், சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் லினக்ஸ் என்பதை முதலில் பார்த்ததே அதில்தான். அந்த வரிகள் எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. புரியாததைக் குப்பை என்று நினைத்துத் துடைக்கிற பழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். இதில் தவறு சொல்லித்தராத நம்முடையது. மெனுவில் இருக்கும் இரண்டாவது வரி, முதல் வரி காலை வாரினால் பிடித்துக்கொள்ளும் கயிறு.

அந்தக் கயிறு உலகம் முழுவதும் உதவிய நாளும் உண்டு. 2023 டிசம்பர் 9 அன்று டெபியன் 12.3 வெளியாக இருந்தது. அதோடு வந்த 6.1.64 கர்னலில் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் தரவையே கெடுக்கக்கூடிய பிழை இருப்பது தெரிந்தது. வெளியீட்டை நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கர்னலின் பெயர் 6.1.0-14. அதற்கு முந்தியது 6.1.0-13. எச்சரிக்கையை ஒரே வரியில் சொல்ல முடிந்தது: 14-ல் ஏற்றாதே, மெனுவில் 13-ஐத் தேர்ந்தெடு. இரண்டும் டிஸ்க்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பிழை திருத்திய கர்னல் 6.1.0-15 என்ற பெயரில் வந்தது, மறுநாளே டெபியன் 12.4 வெளியானது. எல்லாம் 'லினக்ஸ்-இமேஜ்' என்ற ஒற்றைப் பெயரில் இருந்திருந்தால், தரவைக் கெடுக்கும் கர்னல் நல்ல கர்னலை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாதிக்கப்பட்டவர் தன்னிடம் இருப்பது எது என்று சொல்லக்கூடத் திணறியிருப்பார்.

அதற்காக எல்லாவற்றையும் பெயருக்குள் திணிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உபுண்டுவில் ஒரே கர்னல் கையொப்பமிட்டதாகவும் இடாததாகவும் இரண்டு பொதிகளில் கிடைக்கிறது. இரண்டும் ஒரே கோப்புப் பாதையில் வந்து உட்காரும், சேர்ந்து இருக்க முடியாது. அதனால் ஒன்று இருந்தால் மற்றது கூடாது என்று பொதியிலேயே வெளிப்படையாக அறிவித்திருக்கிறார்கள். இது சரியான முறை. பெயர் மாறினால் வெளியிலிருந்து சேர்க்கும் டிரைவர்களை மறுபடி கட்ட வேண்டும் என்பதும் நியாயமான குறைதான். அதனால்தான் டெபியன் நெடுங்காலம் சிறிய திருத்தங்களுக்குப் பெயரை மாற்றாமல், உள் இணைப்பு மாறும்போது மட்டும் எண்ணை ஏற்றியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் அதையும் மாற்றி, '6.12.38+டெப்13' என்பதுபோல மூல வெளியீட்டின் முழு எண்ணையும் பெயரில் வைத்துவிட்டார்கள். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் எண்ணைக் குறைக்கும் பக்கம் போகவில்லை, கூட்டும் பக்கமே போயிருக்கிறார்கள்.

விதி இவ்வளவுதான்: சேர்ந்து இருக்க வேண்டியவற்றுக்குப் பெயர் வேறாக இருக்கட்டும், பொதியிலிருந்து கோப்புப் பாதை வரைக்கும். ஒன்றை நீக்கி மற்றொன்று வர வேண்டியவற்றுக்குப் பெயர் ஒன்றாக இருக்கட்டும். கர்னல் முதல் வகை. டெபியனில் கர்னல் கட்ட நெடுநாள் பயன்பட்ட 'மேக்-கேபிகேஜி' கருவியை எழுதிய மனோஜ் ஸ்ரீவஸ்தவா, கர்னலின் பெயரோடு வால் சேர்ப்பதை ஓர் ஆப்ஷனாகவும் பொதியின் வெர்ஷனை ஏற்றுவதை வேறோர் ஆப்ஷனாகவும் பிரித்தே வைத்திருந்தார். இன்று கர்னல் மூலத்தோடு வரும் கட்டுமான முறையிலும் 'லோக்கல்வெர்ஷன்' என்று அந்த வாலுக்குத் தனி இடம் இருக்கிறது. அங்கே எழுதுவது 'யூநேம் -ஆர்', மாட்யூல் அடைவு, பூட் கோப்பு, பொதியின் பெயர் ஆகிய நான்குக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்.

ஆகவே தம்பிகளுக்கு நான் சொல்வது இது. அமைப்பில் ஒரு வரி மாற்றிக் கட்டினாலும் வாலில் ஓர் எண் ஏறட்டும். 'புதுசு', 'ஃபைனல்' என்றெல்லாம் வைக்காதீர்கள், அடுத்த மாதம் அதுவே பழசாகிவிடும். எந்த வேலைக்கு, எத்தனையாவது முறை என்பது தெரிந்தால் போதும். சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் இடைக்கோடும் மட்டும் வைத்து, சுருக்கமாக எழுதுங்கள். கர்னல் தன் பெயருக்கு 64 எழுத்துக்குமேல் இடம் தராது. புதியதில் ஏறி, ஒரு முழு ஷிப்ட் வேலை ஓடிய பிறகு பழையதை எடுங்கள்.

சர்வர் எப்போதும் அதைக் கட்டியவர் கண்முன் விழுவதில்லை. நீங்கள் வீட்டில் தூங்கும்போது, நைட் ஷிப்டில் இருக்கும் ஒரு பையன் தனியாக அந்த மெனுவுக்கு முன்னால் நிற்பான். உங்கள் பதிவேடும் உங்கள் நினைவும் அவனிடம் இருக்காது. '-பேக்கிங்1', '-பேக்கிங்2' என்று இரண்டு வரிகள் இருந்தால் போதும், யாருக்கும் போன் செய்யாமல் ஒன்றாம் எண்ணில் ஏற்றிவிட்டு லேபிள் அடிக்கத் தொடங்கிவிடுவான்.